கதவில் பதினான்கு அம்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கரையான்சாவடியில் பாதி எழும்பி நின்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தவர்கள்:

நிவேதிதா, சைட் இன்ஜினியர். சேலத்துப் பெண். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் டேப். கோபம் வந்தால் குரலைக் குறைத்துக்கொள்பவள்.

உஸ்மான் கனி, வயது ஐம்பத்து நான்கு. பூந்தமல்லியில் கேட், கிரில், இரும்புக் கதவு செய்யும் பட்டறைக்காரர்.

பைசல், அவருடைய அக்கா மகன். பட்டறையின் வெல்டர். முப்பது வயது. சொன்னதைச் செய்பவன். பிரச்சினையே அதுதான்.

தமிழரசு. பத்து வருடத்துக்கு முன்னால் உஸ்மான் கனியிடம் கிரைண்டர் பிடித்தவன். இப்போது அம்பத்தூரில் சொந்தப் பட்டறை, கழுத்தில் செயின், பையில் லேப்டாப். "சும்மா இப்டிக்கா வந்தேன்" என்று யாரும் கேட்காமலே மூன்று முறை சொன்னவன்.

கடைசியாக ஒரு இரும்புக் கதவு. அதன்மேல் பதினான்கு அம்புகள்.

சரியாகச் சொன்னால் பதிமூன்றுதான் இருந்தன. ஒன்று வண்டியில் வரும்போது குமணன்சாவடிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் வெல்டு வைத்த தழும்பு இருந்ததால் நிவேதிதா அதையும் சேர்த்தே எண்ணினாள்.

"பாய், இது என்ன?" என்றாள். குரல் ஏற்கெனவே குறைந்திருந்தது.

உஸ்மான் கனி பைசலைப் பார்த்தார். பைசல் கதவைப் பார்த்தான்.

"டிசைன் மேடம்" என்றான்.

"யார் கேட்டா டிசைன்?"

பைசல் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். காலண்டர் தாளின் பின்பக்கம். உஸ்மான் கனி கறுப்பு மார்க்கரால் வரைந்த கதவு. சட்டம், கம்பி, பூட்டு, அளவைக் காட்டும் கோடு, கோட்டின் இரு முனையிலும் அம்பு, எல்லாமே ஒரே தடிமன். இடத்தை மிச்சப்படுத்த அளவுகளையெல்லாம் கதவுக்கு உள்ளேயே போட்டிருந்தார். ஏழு அளவு, பதினான்கு அம்பு.

"போன மாசம் கொரட்டூர் பார்ட்டி ஒருத்தர் கேட்ல மயில் வச்சுக் கேட்டாரு" என்றான் பைசல். "அதுக்கு முன்னாடி ஒருத்தர் கிடார் கேட்டாரு. இவங்க அம்பு கேட்டுகீறாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப நம்பரையும் வெல்டு வச்சிருக்கலாமேடா" என்று பல்லைக் கடித்தார் உஸ்மான் கனி.

"நம்பர் அளவுன்னு எனக்குத் தெரியாதா மாமா? இத்தினி வருசமா வேலை செய்றேன்."

தமிழரசு கதவைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "நல்லாத்தான் கீது அண்ணாத்தே. திருடனுக்கு வழி காட்டினு கீது."

நிவேதிதா சிரிக்கவில்லை. அறுபத்து நான்கு வீடு, அறுபத்து நான்கு கதவு. மாதிரிக் கதவே இப்படி என்றால் மீதி அறுபத்து மூன்றில் என்னென்ன வருமோ என்று அவள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் சொன்னாள்: "சனிக்கிழமை பதினோரு மணிக்கு முறையான டிராயிங் வேணும். கையால போட்டாலும் சரி, கம்ப்யூட்டர்ல போட்டாலும் சரி. கோடு கோடா இருக்கணும், அளவு அளவா இருக்கணும், எல்லாம் மில்லிமீட்டர்ல. பன்னெண்டு மணிக்கு ஆர்டர் போயிடும். உங்களுக்கு, இல்லேன்னா இவருக்கு."

இவர் என்று கை காட்டப்பட்ட தமிழரசு லேப்டாப் பையைத் தடவிக்கொண்டான்.

உஸ்மான் கனிக்கு இந்த ஆர்டர் எதற்கு என்பது பூந்தமல்லியில் பலருக்குத் தெரியும். மெட்ரோ வேலைக்காக நட்ட தடுப்புத் தகரம் ரோட்டிலிருந்து அவர் பட்டறையை மறைத்து இரண்டு வருடம் ஆகிறது. பட்டறை இருக்கிறது என்று அறிந்தவன் மட்டும்தான் வருகிறான். அறிந்தவன் வீட்டுக்கெல்லாம் ஏற்கெனவே கேட் போட்டாகிவிட்டது. இந்த அறுபத்து நான்கு கதவு வராவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். இறக்கினால் போவதற்கு ஒரே இடம் அம்பத்தூர். "சூப்பர்வைசரா வந்துடு அண்ணாத்தே, சேர் போட்டு உட்கார வைக்கிறேன்" என்று தமிழரசு ரம்ஜானுக்குப் பிரியாணி சாப்பிட வந்தபோதே சொல்லியிருந்தான். அந்தச் சேரை நினைக்கும்போதெல்லாம் உஸ்மான் கனிக்கு நெஞ்சு எரியும். பிரியாணி போட்ட கையை நினைத்தும் எரியும்.

வீட்டில் டிராயிங் தெரிந்த ஆள் இல்லாமல் இல்லை. மருமகள் ரேஷ்மா டிப்ளமோ படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் டிராயிங் போட்டு, நைட் ஷிப்ட் ஒத்துவராமல் விட்டவள். கல்யாணமாகி நான்கு மாதம். மகன் பாசித்துக்கு ஓசூரில் வேலை, வீடு பார்த்துவிட்டான், வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து அவளைக் கூட்டிப்போகப் போகிறான்.

அவளே போட்டுக் கொடுத்திருக்கலாம். "நான் பட்டறை வச்சிருக்கேனா, அவ வச்சிருக்காளா?" என்று உஸ்மான் கனி மறுத்துவிட்டார். கற்றுக்கொள்வது என்று முடிவானது. அதிலும் ஒரு சிக்கல். அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் இல்லை. பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதானாலும் நடுவில் சைனம்பு வேண்டும்.

சைனம்பு உஸ்மான் கனியின் மனைவி. தையல்காரி. ஹாலில் பாதி இடம் அவளுடைய துணி வெட்டும் மேசை. புதன்கிழமை சாயந்திரம் அந்த மேசையின் ஒரு கோடியில் உஸ்மான் கனி பென்சிலோடு உட்கார்ந்தார், மறு கோடியில் ரேஷ்மா நின்றாள், நடுவில் சைனம்பு ஒரு பர்தாவுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமி, மாமாகிட்ட சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள் ரேஷ்மா. "கதவோட விளிம்பு தடிமனா வரணும். அளவுக்கோடு மெலிசா வரணும். எது இரும்பு, எது பேச்சுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்."

சைனம்பு திரும்பினாள். "கேட்டுச்சா? இரும்பு தடி, பேச்சு மெலிசு."

"நம்ம ஊட்ல பேச்சுதானே தடி" என்றார் உஸ்மான் கனி.

"அதைச் சொல்லணுமா அவகிட்ட?"

"வேணாம்."

"மாமி, அளவெல்லாம் படத்துக்கு வெளிய வரணும். படத்துலேர்ந்து ரெண்டு சின்னக் கோடு வெளிய இழுத்து, அதுக்கு நடுவுலதான் அம்பு. அந்தச் சின்னக் கோடு கதவைத் தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஆரம்பிக்கணும்."

"தொட்டா இன்னாவாம்?"

இதை சைனம்பு மருமகளிடம் கொண்டுபோகவில்லை. "தொட்டா பைசல் வெல்டு வச்சுடுவான்" என்று அவளே பதில் சொல்லிவிட்டாள்.

அடுத்தது பூட்டு. பூட்டின் நாக்கு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, வெளியே தெரியாது. தெரியாததன் கோட்டை விட்டு விட்டுச் சின்னத் துண்டுகளாகப் போட வேண்டும் என்றாள் ரேஷ்மா.

"தெரியாததை எதுக்குப் போடணும்னு கேளு."

"தெரியலன்னா இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள் சைனம்பு. "உங்க சக்கரைகூடத்தான் வெளிய தெரியல. மாத்திரை போடலையா?"

பிறகு அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ரேஷ்மாவின் தாளை எட்டிப் பார்த்தாள். "இது எங்க பிரவுன் பேப்பர் கட்டிங் மாதிரியே கீதே. வெட்டற கோடு தடி. தைக்கிற கோடு விட்டு விட்டு. மடிக்கிற இடம் ஒரு நீட்டு, ஒரு புள்ளி."

"அது நடுக்கோடு மாமி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னு சொல்றதுக்கு."

"அதான். பாதியை வெட்டி மடிச்சா முழுசா வந்துடும்."

இரண்டு பெண்களும் அரைமணி நேரம் பேசினார்கள். உஸ்மான் கனி பென்சிலைச் சீவினார். பிறகு இன்னொரு பென்சிலைச் சீவினார்.

வியாழக்கிழமை அவர் ஒரு முழுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். கோடுகளில் கொஞ்சம் தடியும் கொஞ்சம் மெலிசும் தெரிந்தன. மெலிசானவை பென்சில் முனை ஒடிவதற்கு முந்தியவை. ஆனால் அளவுகள் முப்பத்தொன்று. கதவின் உயரம் இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை, நடுவில் "மறக்காதே" என்று எழுதி ஒரு தடவை.

"மாமி, ஒரு அளவை ஒரு தடவைதான் சொல்லணும்."

"ஒரு தடவை சொன்னா எவன் கேக்குறான்?" என்று குதித்தார் உஸ்மான் கனி. அவரைப் பொறுத்தவரை அது டிராயிங் பற்றிய கேள்வியே இல்லை. முப்பது வருடப் பட்டறை அனுபவம்.

ரேஷ்மா வாதாடவில்லை. "மாமி, கதவு அகலம் தொள்ளாயிரம்னு போட்டிருக்காங்க. சட்டம் ரெண்டு, ஒவ்வொண்ணும் நாப்பது. கம்பி ஏழு, ஒவ்வொண்ணும் பன்னெண்டு. இடைவெளி எட்டு, ஒவ்வொண்ணும் தொண்ணூத்தி நாலு. எல்லாத்தையும் கூட்டச் சொல்லுங்க."

உஸ்மான் கனி கூட்டினார். தொள்ளாயிரத்துப் பதினாறு வந்தது. மறுபடி கூட்டினார். அது மாறவில்லை.

"பதினாறு மில்லிமீட்டர் சுவத்துக்குள்ள போகுது" என்றாள் சைனம்பு.

"அஞ்சு நூல். இதெல்லாம் ஒரு அளவா? கிரைண்டர் எதுக்குக் கீது?"

இங்கே அந்தப் பட்டறையின் முறையைச் சொல்லியாக வேண்டும். பட்டறைக் கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், அதாவது ஒரு நூல் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். உஸ்மான் கனி டேப் பிடித்து அளந்தால், பார்த்த அளவோடு ஒரு நூல் சேர்த்துச் சொல்வார். கம்பி வெட்டுபவன் அவர் சொன்னதோடு ஒரு நூல் சேர்த்து வெட்டுவான். பைசல் அதற்குமேல் ஒரு நூல் விட்டு வெல்டு வைப்பான். கடைசியில் மூவரும் சேர்ந்து கிரைண்டரால் தேய்ப்பார்கள். கூட இருந்தால் தேய்த்துக்கொள்ளலாம், குறைந்தால் எங்கே போய் ஒட்டுவது என்பது அவர்கள் கட்சி. எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் வேலை நடந்தது. ஒருமுறை புதிதாக வந்த ஒருவன் உள்ளதை உள்ளபடி சொல்லி, இரண்டு கேட் வீணாகிவிட்டது. அவன் அந்த வாரமே நின்றுவிட்டான்.

"தொண்ணூத்தி ரெண்டு போட்டா சரியா தொள்ளாயிரம் வருது" என்று சைனம்பு விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். "நீங்க எட்டு இடத்துலயும் ரெண்டு ரெண்டு சேத்துகீறீங்க."

"ஒரு சேப்டிக்கு."

"ஜாக்கெட்டுக்கு நான் இப்டி சேப்டி வச்சா கஸ்டமர் என்னைத் துணியோட சேத்து அடிப்பா."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து உஸ்மான் கனி ஐந்து தாள் கிழித்தார். பொய் சொல்லக் கூடாது. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. எது தடி, எது மெலிசு, எது துண்டு, எல்லாம் தலையில் இருந்தது. கைக்குத்தான் இறங்கவில்லை. முப்பது வருடம் இரும்பில் சாக்பீஸால் கோடு இழுத்த கை அது. அழுத்தினால்தான் கோடு என்று அதற்குத் தெரியும்.

சாயந்திரம் பாசித் வந்தான். எல்லோரும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள், சைனம்பு தவிர. தைத்து முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது என்றாள். பஸ் கிளம்பும்போது ரேஷ்மா ஜன்னலுக்கு வெளியே குனிந்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக நடுவில் யாரும் இல்லாமல் மாமனாரிடம் பேசினாள்.

"மாமா, பென்சிலை அழுத்தாதீங்க."

உஸ்மான் கனி அவசரமாக "வாலைக்கும் சலாம்" என்றார். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. கதவு. சட்டம் கறுகறுவென்று. அளவுக்கோடு தலைமுடி மாதிரி. அம்புகள் கடுகு சைஸில், ஒல்லியாக. பூட்டு நாக்கு விட்டு விட்டு. நடுக்கோடு ஒரு நீட்டு, ஒரு புள்ளி. அளவுகள் மொத்தம் ஒன்பது.

"யார் போட்டது?"

"யாரோ" என்றாள் சைனம்பு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

உஸ்மான் கனி தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வலது மூலையில் ஒரு கட்டம்: 'வரைந்தவர்' என்று எழுதி, பக்கத்தில் காலி. கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் இருந்தார். பிறகு அதில் தன் பெயரை எழுதினார். தடியாக. சைனம்பு பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, சைட்டில் கன்டெய்னரை ஆபீசாக்கி வைத்திருந்த இடத்துக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே போட்டிருந்த மேசையில் நிவேதிதா அந்தத் தாளை விரித்தாள். ஸ்கேல் வைத்தாள். கூட்டிப் பார்த்தாள். தலைகீழாகக்கூடப் பார்த்தாள். தன் பிரின்ட்டை ஏற்கெனவே கொடுத்திருந்த தமிழரசு எட்டிப் பார்த்து, பார்த்ததை நம்பாமல் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை எட்டிப் பார்த்தான்.

"ரொம்ப நல்லா இருக்கு பாய்" என்றாள் நிவேதிதா. "நிஜமாவே."

உஸ்மான் கனி தாடியைத் தடவினார். "ஏதோ, நம்மால முடிஞ்சது."

"ஒரே ஒரு மாத்தம். பூட்டு உயரம் ஆயிரத்து ஐம்பதுன்னு இருக்கு. ஆயிரம் வேணும்னு ஆர்க்கிடெக்ட் இப்பதான் போன் பண்ணாரு. ரெண்டு பேரும் இங்கயே மாத்திக் குடுத்துடுங்க. வாரத்துக்கு ரெண்டு மாத்தம் வரும், உங்ககிட்ட ஆள் இருக்கான்னு எனக்குத் தெரியணும்."

தமிழரசு லேப்டாப்பைத் திறந்தான், மூடினான். "மேடம், நம்ம டிராயிங் ஆளு கல்யாணத்துக்கு வந்தவாசி போய்கீறான். திங்கக்கிழமை மெயில் போட்டுடறேன்."

"பன்னெண்டு மணிக்கு ஆர்டர் போகணும்."

"லேப்டாப் என்னுதுதான் மேடம். அதுல கீற விஷயம் அவனுது."

எல்லோரும் உஸ்மான் கனியைப் பார்த்தார்கள். அவர் பென்சிலை எடுத்தார். பழைய பூட்டை ரப்பரால் தேய்த்தார். கிரைண்டர் பிடிக்கிற வேகத்தில் தேய்த்தார். தாள் சாம்பல் நிறமாகி, பூட்டு இருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. அழுத்தாதே, அழுத்தாதே என்று சொல்லிக்கொண்டே ஒரு கோடு போட்டார். முனை ஒடிந்தது. பிறகு அளவை எழுதினார்.

நிவேதிதா குனிந்து படித்தாள். "ஆயிரத்து மூணா? நான் ஆயிரம்னுதானே சொன்னேன்?"

உஸ்மான் கனி தன் கையையே பார்த்தார். "ஒரு நூல் சேத்துடுச்சு மா. நான் சேக்கல. அதுவா சேத்துடுச்சு."

தமிழரசு வாயைக் கையால் மூடிக்கொண்டான். மணி பதினொன்று இருபது. உஸ்மான் கனி எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய், ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"சைனம்பு, டிபன் எடுத்துகினு வா."

"இப்பதானே ஆறு இட்லி தின்னுட்டுப் போனீங்க?"

உஸ்மான் கனி ஒரு ஜல்லியைக் காலால் தள்ளினார்.

"பேப்பரா?" என்றாள் சைனம்பு.

"வர்றப்ப நல்ல ரப்பரா எடுத்துகினு வா."

ஷேர் ஆட்டோவில் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டாள். டிபன் இல்லை. ஸ்கேல், ரப்பர், இரண்டு பென்சில், குண்டூசி, ஒரு மெல்லிய புதுத் தாள். பழைய தாளில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், புதுத் தாளைப் பழையதன்மேல் வைத்து நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினாள். கீழே தெரிந்த கோடுகளைத் துணிமேல் மார்க் பண்ணுவதுபோல் அலுங்காமல் எடுத்தாள். பூட்டு வந்தபோது மட்டும் நிறுத்தி ஐம்பது கீழே இறக்கினாள். நாக்கும் கூடவே இறங்கியது, விட்டு விட்டு. பக்கத்தில் ஆயிரம் என்று எழுதினாள். ஆயிரம் என்றால் ஆயிரம்.

பூட்டு உயரம் எழுதியிருந்த மற்ற இடங்களை உஸ்மான் கனி தேடினார். வியாழக்கிழமை தான் போட்ட தாளின் முப்பத்தொரு அளவில் அது மூன்று இடத்தில் இருந்தது. அந்தத் தாளைக் கொண்டுவந்திருந்தால் ஒன்றை மாற்றி இரண்டை மறந்திருப்பார். பைசல் மூன்று பூட்டு வைத்திருப்பான். இதில் ஒரு இடம்தான். மாற்றியாகிவிட்டது. ஒரு தடவைதான் சொல்ல வேண்டும் என்று ரேஷ்மா சொன்னது எதற்கென்று ஜல்லி, சிமென்ட், தமிழரசு எல்லோர் முன்னாலும் அவருக்கு அப்போது உறைத்தது. நேரம் கெட்ட நேரம்.

மணி பன்னிரண்டுக்குப் பத்து. நிவேதிதா தாளைப் பார்த்துவிட்டு, "எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள்.

"ஊட்ல இவருக்கு கிளாஸ் நடந்துச்சு. நான் நடுவுல நின்னுகினு இருந்தேன்."

"வரைந்தவர்னு இருக்கற இடத்துல யாரு வரைஞ்சாங்களோ அவங்க பேருதான் போடணும் பாய். நாளைக்குத் தப்பு வந்தா அவங்களைத்தான் கூப்பிட்டுக் கேப்போம்."

உஸ்மான் கனி வேகமாக யோசித்தார். "தப்பு வந்தா அவளைத்தான் கேப்பீங்களா?"

"ஆமா."

"அப்ப அவ பேரே இருக்கட்டும்."

சைனம்பு என்று கட்டத்தில் ஏறியது. சின்ன எழுத்து, ஒரே உயரம். நிவேதிதா போனில் யாரிடமோ "பூந்தமல்லிக்கே போட்டுடுங்க சார்" என்றாள். தமிழரசு லேப்டாப்பைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். "அண்ணாத்தே, வாழ்த்துகள்" என்றவன் சைனம்பு பக்கம் திரும்பி, "அண்ணி, நம்ம பட்டறையில ஒரு சேர் காலியா கீது" என்றான்.

"அதுல நீயே உக்காருடா" என்றார் உஸ்மான் கனி. நான்கு நாளில் அவர் நிம்மதியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

தமிழரசு பைக்கை உதைத்துக் கிளப்பிப் போனதும் நிவேதிதா கன்டெய்னர் ஆபீசின் கதவைத் திறந்தாள். "வாங்கக்கா. மொத்த பில்டிங் டிராயிங்கும் உள்ள இருக்கு. அறுபத்தி நாலு வாசல்ல எது எந்த ஷீட்ல வருதுன்னு காட்டறேன்."

உஸ்மான் கனியும் எழுந்தார்.

"நீங்க வேணாம் பாய், இடமில்ல. வர்றவங்கல்லாம் டிராயிங்மேல டீ கிளாஸ் வைக்கறாங்க. நான் பூட்டிக்கிட்டுத்தான் வேலையே பாக்கறேன்."

சைனம்பு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பையை அவர் கையில் கொடுத்தாள்.

"பைசலுக்குப் போன் போடுங்க. நான் வர்றவரைக்கும் ஒரு கம்பியும் வெட்டக் கூடாதுன்னு சொல்லுங்க."

"நான் எத்தினி நேரம் இங்க நிக்கிறது?"

அவள் அதற்குள் படியேறிவிட்டிருந்தாள். அலுமினியக் கதவு மூடியது. உள்ளேயிருந்து பூட்டு ஒருமுறை திரும்பியது, இரண்டாவது முறையும் திரும்பியது.